தனியாக வைத்த குண்டா

தொப்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், தொப்.

பக்கத்து வீட்டில் பூச்சு வேலை நடக்கிறது. சித்தாள் ஈரக் கலவையைக் கை கையாக அள்ளிச் சட்டியில் போடுகிறாள். அவ்வளவுதான் விஷயம். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் சுவர் வழியாக வந்தது. தெருவில் இறங்கி பஸ் நிறுத்தம் வரை நடந்தேன், எங்கும் போவதற்கில்லை என்று திரும்பினேன். காபி போட்டுவிட்டுக் குடிக்க மறந்தேன்.

வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில், பால் சொசைட்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் பாதியில் விட்டிருந்தேன். இந்த வாரம் அங்கிருந்துதான் தொடங்க நினைத்தேன். அந்தப் பால் கேன்கள் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே நிற்கட்டும். இந்தச் சத்தம் விடமாட்டேன் என்கிறது.

கண்ணை மூடினால் வாய் அகன்ற ஒரு பித்தளை அண்டா. அதற்குள் தண்ணீர். சாணி உருண்டைகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. முதல் உருண்டைக்கே தண்ணீர் தெளிவை விட்டுவிடுகிறது.

ஒரே அண்டா

எங்கள் ஊர் வடகரப்பதிப் பக்கம். கேரளம் அங்கே முடிகிறது என்பார்கள். எங்களுக்கு அங்கேதான் தொடங்கியது. பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு. போலீசும் பஞ்சாயத்து ஆபீசும் மட்டும் மலையாளம்.

ஊரில் ஒரு பொருள் காணாமல் போய், வெளியாள் வந்திருக்க வழியில்லை என்றால், சாணி உருண்டை போடச் சொல்வார்கள். வீட்டுக்கு ஓர் உருண்டை. பிள்ளையார் கோவில் முன்னால் அண்டாவை வைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து போட்டுவிட்டுப் போவார். கடைசியில் பூசாரி கையை விட்டுக் கரைப்பார். எடுத்தவர் மனம் மாறியிருந்தால் பொருள் உருண்டைக்குள் ஒளிந்து வந்திருக்கும். கரைந்ததும் அடியில் தங்கும்.

யார் உருண்டை என்று தெரியாது. தெரியக்கூடாது. பொருள் கிடைத்ததும் பேச்சு முடிந்தது. திருட்டு நடந்திருக்கும், திருடன் என்று ஒருவன் இருக்கமாட்டான். மறுநாள் எல்லோரும் எல்லோர் முகத்திலும் விழிக்கலாம்.

எத்தனையோ ஊரில் இருந்து பார்த்துவிட்டேன். இதைவிட மரியாதையான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. அந்த ஏற்பாட்டை எங்கள் ஊரே ஒரு காலையில் உடைத்ததையும் நான்தான் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுவில் இருக்கும். கடலைக்காய் பிடுங்கி முடிந்த சமயம். பெரிய தோட்டத்து ரங்கசாமி மாமா வீட்டு மருமகள் தனலட்சுமியின் கழுத்துச் சங்கிலியைக் காணோம். ஊர் முறையில்தான் அவர் எங்களுக்கு மாமா, சொந்தமில்லை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பெண் தனலட்சுமி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள சங்கிலி வரோணும். வரலீன்னா நாளைக்குக் காலைல ஸ்டேஷன்தான்" என்று மாமா சொல்லிவிட்டார்.

ஊருக்கு அது பொதுவான எச்சரிக்கை. எங்கள் வீட்டில் ஸ்டேஷன் என்றால் ஒரே ஓர் ஆள். என் அண்ணன் நாச்சிமுத்து.

தண்ணீருக்கு அடியில் போகிறவன்

அண்ணன் கிணற்றில் முங்குகிறவன். வாளி விழுந்தால், குடம் விழுந்தால், குழந்தையின் கொலுசு விழுந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் முங்கும்போது கரையில் நின்று நானும் மூச்சைப் பிடிப்பேன். ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. என் மூச்சு தீர்ந்து, பயம் வந்து, அழலாமா என்று நினைக்கும்போது அவன் தலை வெளியே வரும். சிரித்துக்கொண்டு வரும்.

மாடு பூட்டி இறைத்த கவலை ஏற்றம் போய் மோட்டார் வந்ததும் அவனுக்கு வேலை கூடியது. குழாயின் அடிநுனியில் தண்ணீருக்குள் ஒரு பித்தளை வால்வு இருக்கும். ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். புட்வால்வு என்போம். அதைக் கழற்றவும் மாட்டவும் ரெஞ்சோடு முங்க வேண்டும். சுற்று வட்டாரத்தில் அது அவனால்தான் ஆகும்.

சங்கிலி விவகாரத்துக்கு முன்னால் ஒரு நாள் ரங்கசாமி மாமா தோட்டத்து வால்வு காணாமல் போயிற்று.

யாரும் யோசிக்கவே இல்லை. தண்ணீருக்கு அடியில் இருந்த பொருள், தண்ணீருக்கு அடியில் போகிற ஆள். இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தை ஊர் ஒரே மூச்சில் தாண்டிவிட்டது.

போலீஸ் வந்து அவனை ஜீப்பில் ஏற்றியபோது நான் வாசலில் நின்றேன். "எடா, நீயல்லே முங்குந்நவன்? பின்னெ ஆரா எடுத்தது?" என்றார் ஒரு போலீஸ்காரர். கோபமே இல்லை, முங்குகிறவன் நீதானே, பின்னே வேறு யார் எடுத்தது என்று கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலக் கேட்டார்.

எதுவும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். திரும்பி வந்த அண்ணன் குதிகாலை ஊன்றாமல் நடந்தான். இடது காதில் யார் பேசினாலும் வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். ஈரத்துணி ஒத்தடம் கொடுக்கும்போது அம்மா, "எடுத்திருந்தாக்கூட அடிக்கு ஒரு அர்த்தம் இருக்கும் சாமி" என்றாள். அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் ஓர் இடத்தில் உட்கார வைக்க முடியவில்லை.

ராவுத்தர் கடை

கொழிஞ்சாம்பாறையில் காதர் ராவுத்தரின் மோட்டார் சாமான் கடை. அண்ணனுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவர் அவர்தான். வாசலில் மோட்டார் எண்ணெய் வாசம், உள்ளே போனால் ஏலக்காய் டீ வாசம். அண்ணன் போனால் அவருக்கு வரும் டீயில் பாதி அவனுக்கு.

போலீஸ் விவகாரத்துக்குப் பிறகு, துணி எடுக்கப் போன வழியில் அண்ணன் அந்தக் கடைக்குள் நுழைந்தபோது நானும் கூட இருந்தேன். ராவுத்தர் டீயைப் பாதியாக்கினார். பிறகு சொன்னார்.

"நாச்சி, எனக்கு உம்மேல சந்தேகம் கிடையாதுப்பா. கடைக்கு வர்றவன் வால்வத் தட்டிப் பாத்து, இது எந்தக் கெணத்துது பாய்ங்கறான். சிரிச்சுக்கிட்டுத்தான் கேக்குறான். நான் என்னப்பா பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க பாய்" என்றான் அண்ணன். டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரை அவனே கழுவிக் கவிழ்த்தான். அதுவரை அந்தக் கடையில் அவன் தம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு பகலில் யாரும் அவனை முங்கக் கூப்பிடவில்லை. ஆனால் ஆள் வரத்து நின்றுவிடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு யாராவது ஒருவர் வேலியோரம் நின்று இருமுவார். பங்காளிச் சண்டை, வரப்புச் சண்டை. "அந்தக் கெணத்து வால்வக் கொஞ்சம் கழட்டிக் குடுத்திரேன் நாச்சி. உனக்குப் பழக்கந்தானே?"

"எனக்குப் பழக்கமில்லீங்க" என்பான். வந்தவர் சிரிப்பார். நல்ல நடிப்பு என்று மெச்சுகிற சிரிப்பு.

ஊர் ஒருவனுக்குப் பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெயருக்கான வேலையையும் அதுவே கொண்டுவந்து கொடுக்கும். வேறு வேலை எதையும் கொடுக்காது.

மாட்ட வந்தவன்

ஒரு நாள் எடுத்துவிட்டான்.

யாருக்காகவும் எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து வால்வு. விடியும் முன்னே கழற்றிக்கொண்டு வந்து எங்கள் வைக்கோற்போருக்குள் செருகி வைத்திருந்தான். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது என் கையில் பித்தளை குளிர்ந்தது.

"ஏண்ணா இது?"

"எல்லாரும் எடுத்தேன்னாங்க. சரி, எடுத்தா எப்பிடித்தான் இருக்கும்னு பாத்தேன் அம்மிணி."

"எப்பிடி இருந்துச்சு?"

"அதேதான். எடுக்காமயே இருந்த மாதிரிதான் இருந்துச்சு."

விற்கவில்லை. அடுத்த நாட்களில் அவன் தூங்கவும் இல்லை. அந்தத் தோட்டத்து மிளகாய் நாற்று தண்ணீரில்லாமல் தலை தொங்குவதை வரப்பிலிருந்து பார்த்துவிட்டு வந்து மாட்டுக்கொட்டகையில் நடந்துகொண்டே இருப்பான். கடைசியில் ஓர் உச்சி வெயிலில், எல்லோரும் சோற்றுக்குப் போன நேரமாகப் பார்த்து, வால்வை எடுத்துக்கொண்டு திருப்பி மாட்டப் போனான்.

மாட்டிவிட்டான். கடைசி நட்டை முறுக்கிவிட்டு மூச்சு வாங்க மேலே வந்தால், படியில் தோட்டத்துக்காரர் நிற்கிறார்.

"கழட்ட வந்தியாடா?"

"இல்லீங்க. மாட்ட வந்தனுங்க."

ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால்கூட, "மாட்ட வந்தியா, கழட்ட வந்தியா?" என்று கேட்பார்கள். வால்வு திரும்பி வந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பழைய வால்வும் அவன் எடுத்ததுதான் என்பது மட்டும் அன்றோடு நிச்சயமாகிவிட்டது. எடுத்தபோது ஒருவர் கண்ணிலும் படாதவன், திருப்பி வைக்கும்போது பிடிபட்டான்.

அதற்குப் பிறகு அவன் தண்ணீரில் இறங்கவே இல்லை.

உருண்டை

ஆகவே சங்கிலிக்காகச் சாணி உருண்டை என்று தண்டோரா போட்டதும் எனக்குப் பயம் பிடித்தது. அண்ணனுக்கோ சந்தோஷம். நிஜமான சந்தோஷம். அவனே கொட்டகைக்குப் போய்ச் சாணி அள்ளினான். வைக்கோல் துரும்பை எல்லாம் பொறுக்கிவிட்டு, உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி வழவழப்பாக்கினான்.

"சாணிக்கு எதுக்கு சாமி இத்தன அழகு?" என்றாள் அம்மா.

"எல்லா உருண்டையாட்டவும் இருக்கோணும்மா. வித்தியாசமே தெரியக்கூடாது." பிறகு என்னிடம் சொன்னான்: "நம்முளுதும் அதே அண்டாவுலதான் அம்மிணி விழும். சங்கிலி வந்துட்டா, ஊர்ல நானும் ஒருத்தன்."

கோவில் முன்னால் வரிசை. தொப், தொப். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் ஓர் அடி முன்னால் போனான். நான் பின்னால். எங்கள் முறை வந்தபோது ரங்கசாமி மாமா கையைக் குறுக்கே நீட்டினார். அண்டாவுக்குப் பக்கத்தில், தண்ணீர் ஊற்றி, ஒரு சின்னக் குண்டா வைத்திருந்தார்கள். அதுவரை அதை நான் கவனிக்கவே இல்லை.

"நாச்சி, நீ இதுல போடு."

அண்ணனுக்குப் புரியவில்லை. "எதுக்குங்க மாமா?"

"உன் நல்லதுக்குத்தாண்டா. அண்டாவுல சங்கிலி கெடச்சா ஜனம் உன்னயத்தான் சொல்லும். தனியாப் போட்டு ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா நீ தப்பிச்சே. நா யோசிச்சுத்தான் வெச்சிருக்கறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்திருந்தார். ஒரு தவறான காரியத்தை இவ்வளவு கரிசனத்தோடு செய்யமுடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப எல்லாருக்கும் ஆளுக்கொரு குண்டா வெச்சிருங்க மாமா" என்றான் அண்ணன்.

வரிசையில் யாரோ, "ஊர்ல அத்தன குண்டாவுக்கு எங்கடா போறது?" என்றார்கள்.

"இருந்ததையும் இவந்தான் எடுத்திருப்பான்!" என்றது இன்னொரு குரல். சிரிப்பு கோவில் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, அண்டாதானுங்க மொறை. அது எல்லாருக்கும் பொதுவுங்க" என்றேன். "பொட்டப்புள்ள உனக்கு ஒண்ணுந் தெரியாது, நகுரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அண்ணன் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தான். வழவழவென்று, மற்ற எல்லா உருண்டையையும்போல இருந்தது. குனிந்து குண்டாவில் விட்டான். சின்னப் பாத்திரம். சத்தம்கூட வேறு மாதிரி கேட்டது.

பூசாரி முதலில் குண்டாவைத்தான் கரைத்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சாணித் தண்ணீர். வேறொன்றுமில்லை. "உசாரான ஆளு" என்றது ஒரு குரல். பிறகு அண்டாவைக் கரைத்தார். முழங்கை வரை விட்டுத் துழாவினார். சாய்த்து வடித்தார். அதிலும் ஒன்றுமில்லை.

அண்டா வெறுமையாக இருந்ததற்கு ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. குண்டா வெறுமையாக இருந்ததற்கு எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

சேந்து கிணறு

அப்போது தனலட்சுமி வாயைத் திறந்தாள். பயந்து பயந்து.

"மாமா... காத்தால நா தண்ணி சேந்தறப்ப குனிஞ்சனுங்க. ஒருவேள கெணத்துல கிணத்துல..."

"அத இப்பச் சொல்றயா?"

"இப்பத்தானுங்க தோணுச்சு."

பெரிய தோட்டத்து வீட்டுப் பின்னால் இருந்த அந்தச் சேந்து கிணறு இப்போது இல்லை. ஊருக்குள் குழாய் வந்த பிறகு மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். கடைசியாகப் போனபோது அந்த இடத்தில் ஒரு பப்பாளி மரம் காய்த்துக் கிடந்தது.

அன்று ஊரே அதைச் சுற்றி நின்றது. கிணற்றைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் அண்ணனைப் பார்த்தார்கள். அரை நாழிகைக்கு முன்னால் அவன் உருண்டையைத் தள்ளி வைத்தவர்கள்.

"எறங்கிப் பாரு நாச்சி" என்றார் மாமா.

"நா முங்கறத வுட்டுப்போட்டனுங்க."

"வேற யாரு இருக்கறா?"

அண்ணன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். அது வியர்வையில் நனைந்திருந்தது. கயிற்றைப் பிடித்து இறங்கி, தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, முங்கினான்.

நானும் மூச்சைப் பிடித்தேன். தீர்ந்தது. மறுபடியும் பிடித்தேன். மேலே குமிழிகூட வரவில்லை. பெண்கள் கிணற்றுச் சுவரில் கை ஊன்றி எட்டிப் பார்த்தார்கள். அவனை இவ்வளவு நேரம் தண்ணீர் வைத்துக்கொண்டதே இல்லை.

எப்போதும் முதலில் தலைதான் வரும். அன்று கைகள் வந்தன. இரண்டு கைகளும், விரல்களை விரித்தபடி, உள்ளங்கை எங்களைப் பார்த்திருக்க. அதற்குப் பிறகுதான் முகம் வந்தது. சிரிப்பில்லாமல் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க."

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்ப நாளைக்கு ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்றார்.

மீனாட்சிபுரம்

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நானும் அண்ணனும் மீனாட்சிபுரத்தில் பஸ்சுக்கு நின்றோம். நான் வழியனுப்ப வந்திருந்தேன். அவன் பொள்ளாச்சி போய், உடுமலைப்பேட்டை போய், அங்கிருந்து மூணாறு போவதாக ஏற்பாடு. அங்கே எஸ்டேட்டில் அவன் கூட்டாளி ஒருவன் இருந்தான். பால்காரர்களின் சைக்கிள்கள் கேன் கிணுகிணுக்கப் போயின. அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலம் என் மடியில் சுட்டது. அவன் உட்காரவில்லை. ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தான். நான் இப்போது நடக்கிற மாதிரியே.

"ஏண்ணா, நெசமாலுமே கெணத்துல ஒண்ணுமில்லியா?"

நடை நின்றது.

"கெடந்துது."

"என்னது?"

"சுவத்துக் கல்லுச் சந்துல. கொக்கி வுட்டுப்போயி, சுருண்டு கெடந்துது. கையில புடிச்சேன் அம்மிணி."

யாரும் எடுக்கவில்லை. ஊரில் திருட்டே நடக்கவில்லை.

"அப்பறம் ஏண்ணா அதைய..."

"எடுத்துட்டு மேல வந்தா என்ன கேப்பாங்க? நீயே சொல்லு."

சொல்லத் தேவையில்லை. மாட்ட வந்தியா, கழட்ட வந்தியா.

"இருந்த எடத்துலயே வெச்சுப்போட்டு வந்துட்டேன். நீ யாருகிட்டயுஞ் சொல்லீராத. சொன்னா, நாந்தான் போட்டேன்னு ஆயிரும். உன்னையுஞ் சேத்திக்குவாங்க."

பஸ் வந்தது. கண்டக்டர், "பொள்ளாச்சி, பொள்ளாச்சி, சீக்கிரம் ஏறுங்க" என்று தட்டினார். அண்ணன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்து, நல்ல காதை என் பக்கம் திருப்பினான்.

"அங்க போயி என்ன வேலண்ணா பாப்பே?"

"வெறகு ஒடைப்பேன். மூட்ட தூக்குவேன். எதோ ஒண்ணு."

வண்டி நகர்ந்தது. நான் கூடவே சில அடி நடந்தேன். அவன் தலையை வெளியே நீட்டினான்.

"நீந்தத் தெரியுமான்னு யாராச்சும் கேட்டா, தெரியாதுன்னு சொல்லிப்போடறேன் அம்மிணி."